தீசிஸைத் திறக்கவே முடியவில்லை, நான் சோம்பேறியா?

கேள்வி எங்கேயோ மேலே போய்விடும் என்பதால் முதலில் அதைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். நீங்கள் தனியார் கல்லூரி ஒன்றில் வணிகவியல் உதவிப் பேராசிரியர். பகுதிநேர முனைவர் பட்டத்தில் இது ஆறாவது வருடம். மகளிர் சுய உதவிக் குழுக்களின் சேமிப்புப் பழக்கம்தான் ஆய்வு. களப்பணி முடிந்துவிட்டது, கேள்வித்தாள்களை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி அட்டவணைகளும் எடுத்துவிட்டீர்கள். பாக்கி இரண்டு சாப்டர். இரவு ஒன்பதரைக்குப் பிள்ளை தூங்கியதும் லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். மறுநாள் வகுப்புக்கு பிபிடி, இன்டர்னல் பேப்பர் கட்டு, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் ஃபைலுக்கு ஒரு படிவம் என்று போய், பதினொன்றரைக்குத் தீசிஸைத் தொடாமலே மூடுகிறீர்கள். "நான் ஏன் இவ்வளவு சோம்பேறி? விடியற்காலை நாலு மணிக்கு எழும் பழக்கத்தை 21 நாளில் கொண்டுவர முடியுமா? நல்ல டைம்டேபிள் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

டைம்டேபிளும் நாலு மணியும் கேள்வியின் மேல்பரப்பு. அடியில் இருப்பது வேறு: நானே ஆசைப்பட்டு எடுத்த வேலை, பொருள் எல்லாம் கையில் இருக்கிறது, அப்படியும் ஏன் அதன் பக்கத்தில் போக முடியவில்லை? இதற்குத்தான் பதில் எழுதப் போகிறேன், மற்றவை வழியில் வரும். நான் உளவியல் படித்தவள். கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆலோசகராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். தீசிஸ் எழுத முடியாமல் நிற்கும் ஆய்வு மாணவர்கள் அதில் கணிசமான பங்கு. நான் மருத்துவர் இல்லை. உங்களை நேரில் பார்த்ததும் இல்லை. நீங்கள் எழுதிய சில வரிகளை வைத்துத்தான் பேசுகிறேன், அதனால் பொருந்தாததைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் அந்தச் சோம்பேறி என்ற பட்டத்தைக் கீழே வையுங்கள். சோம்பேறியாக இருப்பவர் பகல் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு வந்து இரவு பதினொன்றரை வரை பேப்பர் திருத்த மாட்டார். சோம்பலில் எதுவும் செய்யப் பிடிக்காது. ஒத்திப்போடுபவருக்கு ஒரே ஒரு வேலையைத் தவிர மற்ற எல்லாம் செய்ய முடியும். இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் கனடா உளவியலாளர் பியர்ஸ் ஸ்டீல், 2007இல் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது கொடுத்த வரையறை ஏறத்தாழ இதுதான்: தள்ளிப்போட்டால் நமக்கே கேடு என்று தெரிந்தும், செய்ய நினைத்த வேலையை நாமாகவே தள்ளிப்போடுவது. "நாமாகவே" என்பது இதில் முக்கியம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதாமல் விட்ட இரவு இந்தக் கணக்கில் வராது. கைடு ஊரில் இல்லாததால் நின்றுபோன வாரமும் வராது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் நிலைமையில் ஒரு பகுதி ஒத்திப்போடுதலே இல்லை, நேரமும் தெம்பும் நிஜமாகவே பற்றாததுதான். வேலை, வீடு, குழந்தை எல்லாம் முடிந்தபின் மிஞ்சும் இரவு ஒன்பதரை மணி மூளையிடம் ஒரு நாளின் மிகக் கடினமான சிந்தனை வேலையை ஒப்படைக்கிறீர்கள். முழுநேர ஆய்வாளர் ஒருவரின் காலை பத்து மணியோடு உங்கள் இரவை ஒப்பிடுவது நியாயமில்லை. என்னிடம் வரும் பெண் ஆய்வாளர்கள் பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நேரமின்மையையும் தங்கள் குணக்கேடாகவே கணக்கெழுதிக்கொள்கிறார்கள். ஆகவே ஒரு வாரம் தீசிஸ் எழுத முயல வேண்டாம். ஒவ்வொரு இரவும் இரண்டே விஷயத்தைக் குறித்து வையுங்கள்: இன்று எனக்கென்று நேரம் இருந்ததா, இருந்து நான் விலகினேனா. முதல் வகை இரவுகளுக்கு உதவி தேவை: வீட்டு வேலையில் பங்கு, கல்லூரியில் லீவு, ஞாயிறு அரை நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். மனப்பயிற்சி எதுவும் அதற்கு ஈடாகாது. நான் கீழே சொல்வதெல்லாம் இரண்டாம் வகை இரவுகளுக்கு.

அந்த இரவுகளில் ஒன்பதரைக்கு என்ன நடக்கிறது என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். திரை வருகிறது. தீசிஸ் ஃபோல்டர் கண்ணில் படுகிறது. அந்த நொடியே உடம்பில் ஒரு இறுக்கம், சிலருக்கு வயிற்றில், சிலருக்குத் தோளில். பக்கத்தில் பேப்பர் கட்டு இருக்கிறது, நாளைக்கு மார்க் ஏற்ற வேண்டும் என்ற நியாயமும் இருக்கிறது. அதை இழுத்து முன்னால் வைத்ததும் இறுக்கம் விடுகிறது. அந்த நிம்மதிதான் நீங்கள் வாங்கும் கூலி. ஒவ்வொரு இரவும் இந்தக் கூலி கிடைப்பதால் மனம் பாடம் கற்றுக்கொள்கிறது: ஃபோல்டரைக் கண்டால் விலகு, நிம்மதி உண்டு. ஃபூஷா சிரோயிஸ், திமோத்தி பிச்சில் என்ற இருவர் 2013இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். ஒத்திப்போடுதலை நேர நிர்வாகத்தின் தோல்வியாகப் பார்ப்பதைவிட, இந்த நிமிடத்து மனநிலையைச் சரிசெய்ய நாளையைப் பலிகொடுப்பதாகப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது என்றார்கள். என் அறைக்கு வந்தவர்களிடம் நான் கண்டதும் இதுவே. உங்களுக்கு டைம்டேபிள் போட்டுக்கொடுத்தால் அது ஒரு வாரம் சுவரில் இருக்கும். ஒன்பதரை மணி இறுக்கம் மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த நிம்மதிக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. டயான் டைஸும் ராய் பாமைஸ்டரும் 1997இல் கல்லூரி மாணவர்களை ஒரு செமஸ்டர் முழுக்கக் கவனித்தார்கள். தள்ளிப்போடும் மாணவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிடக் கவலையில்லாமல், உடல்நலத்தோடு இருந்தார்கள். செமஸ்டர் முடியும்போது நிலைமை தலைகீழ்: மன அழுத்தமும் உடல் தொல்லைகளும் கூடின, மார்க்கும் குறைந்தது. மொத்தக் கணக்கில் அவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டவர்கள். "கடைசி நேரத்தில்தான் எனக்கு வேலை ஓடும்" என்று சொல்பவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வதுண்டு.

அடுத்தது, அந்த இறுக்கம் எதனால் என்று கண்டுபிடிப்பது. நாம் பொதுவாக அதற்குப் பயம் என்று பெயர் வைக்கிறோம், சிலர் "நான் பெர்ஃபெக்ஷனிஸ்ட்" என்கிறார்கள். ஸ்டீல் தொகுத்த ஆய்வுகளில் பெர்ஃபெக்ஷனிஸத்துக்கும் ஒத்திப்போடுதலுக்கும் இடையில் தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. வேலை பிடிக்காமல் இருப்பது, முடிவு வெகு தூரத்தில் இருப்பது, என்னால் முடியும் என்ற நம்பிக்கை குறைவது, சட்டென்று வேறு பக்கம் இழுபடும் இயல்பு, இவைதான் வலுவாகத் தொடர்புபட்டிருந்தன. ஆய்வு மாணவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது மூன்று. ஒன்று, அடுத்து என்ன செய்வது என்றே தெரியாமை. "சாப்டர் எழுதணும்" என்று தெரியும், முதல் பத்து நிமிடத்தில் கை எதைச் செய்ய வேண்டும் என்று தெரியாது. இரண்டு, கைடு என்ன சொல்வாரோ என்ற கூச்சம். மூன்று, கடந்துபோன வருடங்களைப் பற்றிய வெட்கம். மூன்றாவது உங்களைப் போல ஐந்து வருடம் தாண்டியவர்களிடம் அதிகம். கடன் கொடுத்தவர் வீடு இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவதைப் போல அந்த ஃபோல்டரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், நாளாக ஆக வட்டமும் பெரிதாகிறது.

ஆளை அடையாளம் காட்டாமல் ஒன்று சொல்கிறேன். ஒரு ஆய்வு மாணவர் கைடு அனுப்பிய திருத்தங்களைத் திறக்காமலே மாதக்கணக்கில் வைத்திருந்தார். மெயில் வந்தது தெரியும், இணைப்பு இருப்பது தெரியும், அதற்குமேல் கை போகவில்லை. என் அறையில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து திறந்தோம். ஓரம் முழுக்கச் சிவப்பு. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, படிக்க வேண்டாம், வகை மட்டும் பிரிப்போம் என்றேன். பிரிண்ட் எடுத்து மூன்று நிறப் பேனாவில் குறித்தோம். எழுத்துப்பிழை, அட்டவணை எண் தப்பு, அலைன்மென்ட் இவையெல்லாம் பச்சை. "ரெஃபரன்ஸ் எங்கே?" போல ஒரு இடத்தில் தேடிப் போட்டால் முடிந்துவிடுபவை நீலம். "இந்த டெஸ்ட்டை ஏன் எடுத்தீர்கள், வேறு ஏன் எடுக்கவில்லை?" போல நிஜமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை சிவப்பு. குறித்து முடித்தபோது பக்கங்களில் பெரும்பாலும் பச்சையும் நீலமும்தான். சிவப்பு சில இடங்களில் மட்டும். "சார் திட்டியிருப்பார் என்று நினைத்தேன், அட்டவணை எண்ணைத்தான் கேட்டிருக்கிறார்" என்றார். பச்சையில் பாதியை அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து திருத்திவிட்டுப் போனார். சிவப்பு வட்டங்களுக்கு அவருக்கு மேலும் இரண்டு மாதம் பிடித்தது, அதில் இரண்டு தடவை திரும்பவும் நின்றுபோனார். அது வழக்கமாக நடப்பதுதான். ஆனால் மெயிலைத் திறக்கப் பயப்படும் நிலைக்கு அவர் திரும்பிப் போகவில்லை.

உங்கள் நாலாவது சாப்டருக்கு, அதாவது அட்டவணைகளை விளக்கும் சாப்டருக்கு வருவோம். "சாப்டர் நாலு எழுதணும்" என்பது எந்த மனிதராலும் இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இல்லை. அது ஒரு தலைப்பு. செய்யக்கூடிய வேலை இப்படி இருக்கும்: கல்வித் தகுதிக்கும் மாதச் சேமிப்புக்கும் தொடர்பு காட்டும் அட்டவணையைத் திற. பெரிய எண் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஒரு வாக்கியம். தொடர்பு தற்செயலானதா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனையின் பி மதிப்பு 0.05க்குக் கீழா மேலா, அதனால் தொடர்பு உண்டா இல்லையா, ஒரு வாக்கியம். குழுக் கூட்டத்தில் அந்தப் பெண்கள் உங்களிடம் சொன்னது இதோடு ஒத்துப்போகிறதா, ஒரு வாக்கியம். மூன்று வாக்கியத்தோடு அந்த இரவின் வேலை முடிந்தது, விருப்பமிருந்தால் தொடரலாம். இதில் மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அட்டவணையை அப்படியே சொற்களில் திருப்பி எழுதும் தீசிஸ்கள் ஏராளம். நீங்கள் கூட்டங்களில் போய் உட்கார்ந்து கேட்டவர், உங்களுக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்கவும் அந்த வாக்கியம்தான் உதவும்.

கூடவே இன்னொன்று, இது நம் ஊர் ஆய்வு மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காண்பது. தீசிஸ் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், யோசிப்பதோ தமிழில். யோசிப்பதையும் இலக்கணம் பார்ப்பதையும் ஒரே நேரத்தில் செய்யப்போய் முதல் வரியிலேயே அழித்து அழித்து எழுதி அலுத்துவிடுகிறார்கள். அப்படி உங்களுக்கும் இருந்தால், முதலில் தமிழில் சொல்லுங்கள். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து டேபிள் மேடம் "என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டால் எப்படிச் சொல்வீர்களோ அப்படிப் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவது வேறொரு இரவின் வேலை. இதற்கு ஆய்வு ஆதாரம் எதையும் நான் காட்டப் போவதில்லை, அனுபவத்தில் பலன் கண்டதால் சொல்கிறேன்.

இனி நேரம். "இந்த வாரம் எப்படியாவது எழுதுவேன்" என்ற தீர்மானத்துக்கும், "இன்னது நடந்தவுடன், இந்த இடத்தில், இதைச் செய்வேன்" என்ற தீர்மானத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. இந்தத் துறையில் நான் உறுதியாக நம்பும் விஷயங்களில் இது ஒன்று. ஜெர்மனியைச் சேர்ந்த பீட்டர் கோல்விட்சர் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். ஒரு ஆய்வில், கிறிஸ்துமஸ் முன்தினத்தை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் நேரத்துக்கு முடித்தார்கள். அப்படி முடிவு செய்யாதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். பின்னர் 2006இல் பாஸ்கல் ஷீரன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து இத்தகைய 94 சோதனைகளைத் தொகுத்தபோதும் பலன் நன்றாகவே தெரிந்தது. உங்களுக்கு அது இப்படி அமையலாம்: "பிள்ளை தூங்கியதும், அறைக் கதவைச் சாத்திவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பேப்பர் கட்டைத் தொடுவதற்கு முன்னால், அன்றைய அட்டவணைக்கு மூன்று வாக்கியம்." தடங்கலுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: "பிள்ளை பத்து மணிவரை தூங்காவிட்டால், ஒரு வாக்கியம் மட்டும்." பேப்பர் கட்டு பின்னால் வருவதுதான் இதில் முழு சூட்சுமம். மார்க் ஏற்றும் தேதி கல்லூரி வைத்தது, அதை நீங்கள் எப்படியும் செய்துவிடுவீர்கள். தீசிஸுக்கு அப்படி யாரும் நாளை காலை வந்து கேட்கப் போவதில்லை, ஆகவே அது முதலில்.

போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள், பேப்பர் கட்டைக் கண்ணில் படாமல் பையிலேயே வையுங்கள். மனத்தை அடக்கிப் படிக்க முயன்ற மாணவர்களைவிட, இழுக்கும் பொருளை முதலிலேயே அப்புறப்படுத்திய மாணவர்கள் தங்கள் படிப்பு இலக்கை அதிகம் எட்டியதாக ஆஞ்சலா டக்வொர்த் குழுவினர் 2016இல் காட்டினார்கள்.

நாலு மணிக்கு எழுவது பற்றி: ஒன்பதரைக்கே படுத்து நாலு மணிக்கு எழ வீட்டில் வழி இருந்தால் நல்லது, காலை மூளை தெளிவாக இருக்கும், யாரும் கூப்பிட மாட்டார்கள். பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். தூக்கம் குறைந்தவருக்கு இறுக்கத்தைத் தாங்கும் சக்தியும் குறையும், பிறகு விலகல்தான் கூடும். விடியற்காலைக்கென்று தனி மகிமை எதுவும் கிடையாது. மாலையில் தெளிவாக இருப்பவர்கள் உண்டு. கல்லூரியில் ஏதாவது ஒரு நாள் முதல் பீரியட் ஓய்வாக இருந்தால், ஸ்டாஃப் ரூமை விட்டு லைப்ரரியில் போய் உட்கார்ந்து அதையே பயன்படுத்தலாம். என் கணிப்பில் உங்களுக்கு அதுதான் முதலில் முயன்று பார்க்க வேண்டியது.

21 நாள் கதைக்கு ஆதாரம் இல்லை. அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக மூன்று வாரமாவது ஆகிறது என்று ஒரு அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியது வாய்வழியாகத் திரிந்து இப்படி வந்து சேர்ந்தது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் நிலையை எட்ட எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணிப்பு). அவை தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, உடற்பயிற்சி போன்றவை, தீசிஸ் எழுதுவது அதில் இல்லை. எழுத்து என்றைக்கும் முழுக்கத் தானியங்கி ஆகாது என்பது என் அபிப்பிராயம். உட்காருவது பழக்கமாகலாம், எழுதுவது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உழைப்புதான். அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: இடையில் ஒரு நாள் தவறவிட்டவர்களின் பழக்கம் அதனால் குலைந்துவிடவில்லை.

கால்குலேட்டர் எடுத்து ஒரு கணக்கும் போடுங்கள். கனடாவில் ரோஜர் பியூலர் குழுவினர் 1994இல், இறுதியாண்டு உளவியல் மாணவர்களிடம் அவர்களது தீசிஸ் எப்போது முடியும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாம் கெட்டுப்போனால்கூட 49 நாளில் முடித்துவிடுவோம் என்றார்கள். நிஜத்தில் ஆனது சராசரியாக 55 நாளுக்குமேல். கெட்ட கணக்கைவிட நிஜம் கெட்டதாக இருந்தது. ஆகவே "தீபாவளிக்குள் சப்மிட்" என்பது போன்ற தேதியை மனதிலிருந்து எடுங்கள். மொத்தம் எத்தனை அட்டவணை பாக்கி என்று எண்ணுங்கள். போன மாதம் நிஜமாகவே எத்தனை இரவு வேலை செய்ய முடிந்தது என்று பாருங்கள், எத்தனை முடியும் என்று நினைத்தீர்கள் என்பது வேண்டாம். வகுத்தால் வருவதுதான் தேதி. அது எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அதை நம்பலாம்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். மனஉறுதி பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் என்று நிறையப் படித்திருப்பீர்கள். 1998இல் பாமைஸ்டர் குழுவினரின் சோதனை ஒன்றிலிருந்து பரவியது அது. 2016இல் 23 ஆய்வகங்கள் ஒரே முறையில் திரும்பச் செய்து பார்த்தபோது பலன் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆகவே அதன் மேல் எதையும் கட்டாதீர்கள். 25 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்ற பொமடோரோ முறையை 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கினார். அந்த 25க்கு அறிவியல் மகத்துவம் இல்லை, உங்களுக்கு 15 ஒத்துவந்தால் 15. தினமும் எழுதியே ஆக வேண்டும் என்ற அறிவுரை, ராபர்ட் பாய்ஸ் அமெரிக்கப் பேராசிரியர்களை வைத்து நடத்திய சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தது. நிறைய எழுதிய பேராசிரியர்களைச் சந்தித்துப் பேசிய ஹெலன் சோர்ட், அவர்களில் பெரும்பாலோர் தினமும் எழுதுபவர்கள் இல்லை என்றார். வாரத்தில் மூன்று இரவும் ஒரு ஞாயிறு காலையும் உறுதியாகக் கிடைத்தால் அதுவே போதும் என்பேன். இன்னொருவரோடு சேர்ந்து உட்காருவது, அதாவது உங்களைப் போலவே பாக்கி வைத்திருக்கும் தோழியோடு வீடியோ காலைத் திறந்து வைத்துப் பேசாமல் அவரவர் வேலையைச் செய்வது, என் மாணவர்களிடம் நன்றாகவே வேலை செய்கிறது. அதைச் சோதித்த உறுதியான ஆய்வுகள் குறைவு, ஆனால் செலவில்லாதது, முயன்று பாருங்கள்.

விட்டுப்போன இரவுகளில் என்ன செய்வது? திட்டிக்கொள்வதால் வேலை நடக்கும் என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். "எப்பத்தான் முடிப்பே?" என்று வீட்டில் கேட்பவர்களும் அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன விளக்கம் சரியென்றால், திட்டு அந்த ஃபோல்டரில் இன்னும் கொஞ்சம் வலியைச் சேர்க்கிறது, நாளைக்கு விலகுவதற்குக் காரணம் கூடுகிறது. கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல், பிச்சில் ஆகியோர் 2010இல் 119 முதலாண்டு மாணவர்களைப் பார்த்தார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், இரண்டாவது தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். இது ஒரே ஆய்வு, அதுவும் இளம் மாணவர்களிடம், அதனால் அளவுக்குமீறி ஏற்றிச் சொல்ல மாட்டேன். ஆனாலும் என் அறையில் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. வீட்டில் ஒருவரிடம், முடிந்தால் கணவரிடம், சொல்லி வையுங்கள்: எப்போது முடிப்பாய் என்று கேட்க வேண்டாம், இன்றைக்கு எந்த அட்டவணை என்று கேளுங்கள் என்று.

ஒரு எச்சரிக்கை. தீசிஸ் மட்டும்தான் நகரவில்லை, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் மேலே சொன்னவை பொருந்தும். எதிலும் ஈடுபாடு இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டது, எதற்கு இதெல்லாம் என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்குமேல் நீடிக்கிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுவயதிலிருந்தே எல்லாவற்றையும் கடைசி நிமிடத்தில் செய்வது, பொருள்களைத் தொலைப்பது, பாதியில் விடுவது என்று இருந்திருந்தால் ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாடு உண்டா என்று மனநல மருத்துவர் பார்க்கலாம். படிப்பில் நன்றாக இருந்த பெண்களுக்கு அது தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. ஓயாத அசதி என்றால் ரத்தச்சோகையும் தைராய்டும் முதலில் பார்க்க வேண்டியவை. நேரில் போகத் தயக்கமென்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். ஒத்திப்போடுதலுக்கென்றே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முறையில் பயிற்சி தரும் உளவியலாளர்களும் இருக்கிறார்கள். இதுவரை சோதிக்கப்பட்ட வழிகளில் அதற்குத்தான் ஆதாரம் அதிகம்.

கடைசியாக, ஆறு வருடம் என்பதால் உங்களுக்கு இருக்கும் பயம். முனைவர் பட்டத்துக்கு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2016 விதிகளிலும் 2022 விதிகளிலும் உச்சவரம்பு ஆறு ஆண்டுதான். பெண் ஆய்வாளர்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு இரண்டிலும் உண்டு. 2022 விதிகளில் மறுபதிவு செய்து எல்லோருமே கூடுதலாக இரண்டு ஆண்டுவரை பெறலாம். எந்த விதி உங்களுக்கு என்பது நீங்கள் சேர்ந்த தேதியையும் உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட ஒழுங்குமுறையையும் பொறுத்தது. ஆகவே ஆய்வுப் பிரிவுக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்கிவிடுங்கள். வரம்பு தாண்டும் நாள் நெருங்கியபின் விண்ணப்பித்தால் சிக்கல். கைடிடமும் இப்போதே பேசுங்கள். "சாப்டர் முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன்" என்று காத்திருக்க வேண்டாம். எத்தனை அட்டவணை முடிந்தது, எத்தனை பாக்கி, கணக்குப்படி எந்த மாதம் முடியும் என்று ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப்போங்கள். மூன்று அட்டவணைக்கு எழுதியதையும் கூடவே காட்டி, இந்தப் போக்கு சரியா என்று கேளுங்கள். பெரும்பாலான கைடுகள் ஐந்து மாத மௌனத்தைவிட மூன்று பக்க அரைகுறை டிராஃப்ட்டை விரும்புவார்கள், அடுத்த டி.சி. (முனைவர் பட்ட ஆய்வுக் குழு) மீட்டிங்கில் உங்களுக்காகப் பேசவும் அவர்களுக்கு அது உதவும்.